எந்த விதிப்படி?

அன்று காலையிலேயே அவள் இரண்டு லென்ஸைக் கெடுத்துவிட்டாள். வலக்கண்ணுக்கு வெட்ட வேண்டியதை இடக்கண் அளவுக்கு வெட்டினாள். மாற்று லென்ஸை எடுத்து ஓரம் உரசும் இயந்திரத்தில் மாட்டியவள், தண்ணீரைத் திறந்துவிட மறந்தாள். விளிம்பு பூராவும் பொரிந்துபோனது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் வருஷக்கணக்காக இந்த வேலையைச் செய்கிறவள். கண்ணை மூடிக்கொண்டே கண்ணாடி செய்வாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் முதலாளியம்மா பெருமையடித்துக்கொள்வது வழக்கம்.

முதலாளியம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, ஊர்ல இருக்கிறவங்க கண்ணெல்லாம் இன்னிக்கு உன் கையில படாத பாடு படுது?"

"ஃபோன் வரலக்கா."

எந்த ஃபோன் என்று முதலாளியம்மா கேட்கவில்லை. இவளுடைய கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் ஏதாவது ஒரு கரையை நெருங்கி, சிக்னல் கோடு ஒன்று தலைகாட்டினால் போதும், கூப்பிட்டுவிடுவான். பேச விஷயம் இல்லையென்றால் சண்டையாவது போடுவான். இப்போது ஒரு வாரத்துக்கு மேலாக ஒரு சத்தமும் இல்லை. ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கிற கம்பெனி ஆபீஸில் கேட்டால், "நடுக்கடல்ல இருக்காங்க, சிக்னல் கிடைக்காது" என்று ஒரே பதில். சரிதான் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கப்பலில் இருப்பவர்களின் மனைவிமார் சேர்ந்து ஃபோனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அவள் அதைப் பார்த்தாள். இரண்டாம் இன்ஜினியரின் மனைவி ஒரு படம் போட்டிருந்தாள். வீடியோ காலில் அவளுடைய கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'இப்பதான் பேசினார், பாப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார்' என்று கீழே எழுதியிருந்தது.

அதே கப்பல். இன்றைக்குத்தான் பேசியிருக்கிறார். அப்படியானால் சிக்னல் இருக்கிறது.

டப்பாவை மூடிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். எடுத்ததும் அந்தப் பக்கம் குரல் தடுமாறியது.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட பேசலையா?"

"இல்லையே. அதான் உங்களைக் கேக்குறேன்."

"ஐயோ, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இதைப் பத்தி வீட்டுக்குப் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாதுன்னு கப்பல்ல இருக்கிறவங்களுக்கு ஆர்டராம். உங்க வீட்டுக்காரர் கப்பல்ல இல்லைங்க. போன துறைமுகத்துலயே இறக்கிட்டாங்களாம்."

"இறக்கிட்டாங்களா? எதுக்கு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. கேட்டா இவரு பேச்சை மாத்துறாரு."

ஃபோனை வைத்தாள். இறக்கிவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? நடந்து இறங்கினானா, தூக்கிக்கொண்டு போனார்களா? இவளாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இப்போதுதான் வரிசையாக வந்து நின்றன. யோசிக்காமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள். கணவனுக்கு மூத்தவள், இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர்.

"சொல்லும்மா... கிளட்ச்சை விடுங்க, விடுங்கன்னா பொசுக்குன்னு விடாதீங்க சார்... நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் பிரேக் கிறீச்சிட்டது. "சார், இன்னிக்குக் கிளாஸ் இவ்வளவுதான். நீங்க ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிடுங்க" என்று அண்ணி சொல்வது தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. அண்ணி எல் போர்டைக் கழற்றிப் பின் சீட்டில் வீசியிருந்தாள். பயிற்சி வண்டி என்பதால் இரண்டு பக்கமும் பிரேக் இருந்தது. போகிற வழியெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் தன்னையறியாமல் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டி குலுங்கி நின்றது.

"காலை மடக்கி வெச்சுக்கோ. இல்லேன்னா நாம போய்ச் சேர மாட்டோம்" என்றாள் அண்ணி. அவள் குரலும் சரியாக இல்லை.

கம்பெனி ஆபீஸில் இருந்தவன் முதலில் சிக்னல் பாட்டையே பாடினான். அண்ணி மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். "என் தம்பி கப்பல்ல இல்லன்னு எங்களுக்குத் தெரியும். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு."

அவன் முகம் மாறியது. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். "சின்ன விபத்து மேடம். ஆஸ்பத்திரியில நல்லா கவனிச்சுக்கிறாங்க."

"என்ன விபத்து?" என்று கேட்டாள் அவள். "எந்த ஆஸ்பத்திரி?"

"இன்ஷூரன்ஸ்காரங்க அறிக்கை வர்ற வரைக்கும் நாங்க எதுவும் சொல்லக் கூடாதுங்க."

"அவரு பேசுறாரா? நினைவு இருக்கா?"

"அறிக்கை வரட்டும் மேடம்."

அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. படியிறங்கும்போது அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிநாட்டுல நம்ம ஆளுக்கு ஒண்ணுன்னா தூதரகம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வா, அவங்களைக் கேட்போம்."

வெளியுறவு அமைச்சகத்தில் கடலோடிகள் பிரிவு என்று கேட்டுக் கேட்டு மூன்றாவது மாடிக்குப் போனார்கள். நடைபாதை நெடுகப் பழைய புத்தகக் கட்டுகள், நாடாவால் இறுக்கிக் கட்டி, எடைக்குப் போடத் தயாராக அடுக்கியிருந்தன. பிரிவு அதிகாரி ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவர்கள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க போன மாசம் வந்திருந்தா நான் உடனே ஒரு கடிதம் அனுப்பியிருப்பேன்" என்றார்.

"இப்ப என்ன ஆச்சு?"

"வணிகக் கப்பல் மாலுமிகளுக்குத் தூதரகம் செய்ய வேண்டியதுன்னு ஒரு அத்தியாயம் விதி இருந்துதும்மா. பாய்மரக் கப்பல் காலத்துல எழுதினது. கப்பல்ல இருக்கிற பாய்த்துணியைத் தூதர் எண்ணிப் பார்க்கணும். திமிங்கிலம் பிடிக்கிற கப்பல்ல எண்ணெயை எப்படிப் பங்கு பிரிக்கணும்னுகூட ஒரு விதி. யாரும் திருப்பிப் பார்க்கிறதே கிடையாது. மொத்தமா ரத்து பண்ணிட்டோம். வெளியில அடுக்கியிருக்கே, அதான்."

"ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போற ஆளுக்கு அதுல ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டாள் அவள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "இருந்துது. தூதரக அதிகாரி நேர்ல போய்ப் பார்க்கணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு இருந்துது."

"அதையும் எடுத்துட்டீங்களா?"

"அதுவும் அந்த அத்தியாயத்துலதான் இருந்துது. இப்பதான் எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கே, அவங்களே வீட்டுக்குப் பேசிடுவாங்கன்னு..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "பிரேக்கு துருப்பிடிச்சிருக்குன்னு பிரேக்கையே கழட்டி எறிஞ்சிட்டு வண்டி ஓட்டுவீங்களா சார்?"

அவர் கோபப்படுவார் என்று அவள் பயந்தாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு ஃபோனை எடுத்தார். கப்பல் கடைசியாக நின்ற துறைமுக ஊரில் இன்னும் விடிந்திருக்கவில்லை. தூதரகத்தின் அவசர எண்ணில் யாரோ தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்கள். அதிகாரி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி, எதிரே உட்கார்ந்திருந்த இவர்கள் இருவருக்கும் கேட்டது.

"எந்த விதிப்படி சார் கேக்குறீங்க?"

"விதி ஒண்ணும் இல்ல. அவரோட வீட்டம்மா என் எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. அதனால கேக்குறேன்."

விடிந்ததும் யாரையாவது அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

காத்திருப்பது என்றானது. அதிகாரி இரண்டு தேநீர் வரவழைத்தார். அது ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. அவளுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மேஜைமேல் இருந்த அவருடைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் உட்காரும் இடத்துக் கம்பி வளைந்திருந்தது, ஒரு பக்கத்துத் திருகு தளர்ந்திருந்தது. "எடுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு எடுத்தாள். கம்பியை விரலாலேயே நிமிர்த்தினாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னத் திருப்புளியால் திருகை முடுக்கினாள். முடுக்கிய பிறகும் முடுக்கினாள். அண்ணி மெதுவாக அதை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள்.

"பேச முடிஞ்சா பேசியிருப்பாரு இல்ல அண்ணி?" என்றாள் அவள். "பேச முடியலன்னாதானே..."

"வாயை மூடு. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது."

ஃபோன் வந்தபோது மூன்று பேருமே எழுந்துவிட்டார்கள். தூதரகத்தில் விசா கவுன்டரில் வேலை செய்யும் ஒரு பெண் பேசினாள். துறைமுகத்துப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. உள்நோயாளிகள் பட்டியலிலும் இல்லை, வீட்டுக்கு அனுப்பியவர்கள் பட்டியலிலும் இல்லை.

"வேற எங்கயாவது பார்க்க முடியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

அந்தப் பெண் தயங்கினாள். "இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கு சார். அப்புறம்..." அந்த 'அப்புறம்' எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. அதிகாரி அவசரமாக, "முதல்ல அந்த ஆஸ்பத்திரியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம் போட்டது. அவள் மனசு எங்கெங்கோ போய், போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது. மாமனாருக்கு என்ன சொல்வது? நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகன் போகும் கப்பலையும் வண்டி என்றுதான் சொல்வார். தினமும் சாயங்காலம், "வண்டி இப்ப எங்க நிக்குதாம்?" என்று கேட்பார். இவளும் ஏதோ ஒரு கடலின் பெயரைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மணி அடித்தது. இந்த முறை அதிகாரி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், ஒருத்தர் இருக்கார். ஆனா பேரு வேற மாதிரி எழுதியிருக்காங்க. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கட்டு. மருந்துல அசந்து தூங்குறார். எழுப்பக் கூடாதுன்னு நர்ஸ் சொல்றாங்க. ஏதாவது அடையாளம் இருந்தா கேட்டுச் சொல்லுங்க."

"கழுத்துல மச்சம்" என்றாள் அவள்.

"இடது காது மடல்ல வெட்டு" என்றாள் அண்ணி அதே நேரத்தில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது நாய் கடிச்சதுன்னுதானே சொன்னாரு?"

"நாயும் இல்ல பேயும் இல்ல. சின்ன வயசுல முடி வெட்டுறேன்னு நான்தான் கத்தரிக்கோலால... அதெல்லாம் இப்ப எதுக்கு? காதைப் பாருங்கம்மா!"

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. பிறகு அந்தப் பெண் சிரிப்பும் படபடப்புமாகச் சொன்னாள்: "வெட்டு இருக்கு. மச்சமும் இருக்கு. முழிச்சுக்கிட்டார் சார். என்னைப் பார்த்துட்டு, 'என் காதை ஏன் பிடிக்கிறீங்க'ன்னு கேக்குறார்."

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் ஃபோனை அவன் காதருகில் பிடித்துக்கொண்டாள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றாள் இவள்.

"உனக்கு யார் சொன்னது?" அவன் குரல் தேய்ந்துபோயிருந்தது. "கப்பல் ஆடுச்சும்மா. அடுப்புல எண்ணெய்ச் சட்டி. சரியுதேன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டேன். புத்தி கெட்டுப்போய்ப் பிடிச்சுட்டேன்."

"முகத்துல படலையே?"

"இல்ல. கை மட்டும்தான். ஃபோனு கேபின்லயே தங்கிப்போச்சு, கப்பலும் போயிடுச்சு. யாரோட நம்பரும் தெரியல. உன் நம்பர் மட்டும் ஞாபகம் இருந்துது, கடைசி ரெண்டு எண்ணைத் தவிர. நூறு வாட்டி போட்டுப் பார்த்தா ஒண்ணு நீயாதானே இருப்பேன்னு நர்ஸம்மாகிட்ட கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அதுக்கு நான் பேசுறது புரியல. சிரிச்சுட்டு ஊசி போட்டுட்டுப் போயிடுச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் பயந்துவிடுவான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஓடிப்போயிட்டேன்னு ஏதாவது சொன்னாங்களா உன்கிட்ட?" என்று அவன் கேட்டான். "தினமும் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். என்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருப்பாங்களோன்னு."

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் பெரிய கொடுமை."

"அப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லல."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமனார் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ஆள் இருக்கானா?" என்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன முழிக்கிறீங்க? சந்தைப் பக்கம் போயிருந்தேன். உன் வண்டி எல் போர்டு இல்லாம சிக்னலைத் தாண்டிப் போச்சு, உள்ள இவ உட்கார்ந்திருக்கா. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன் நான். எந்த வண்டி எதுக்கு ஓடுதுன்னு தெரியாதா? ஆள் இருக்கானா, அதைச் சொல்லு."

"இருக்காரு மாமா. கையில தீக்காயம். பேசினாரு."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து உள்ளே போனவர், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே இருந்தார். அது வரையில் அவள் வெளியே நின்றாள், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்துகொண்டு.

விசா கவுன்டர் பெண் தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஃபோனை அவன் காதில் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளைப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. காயம் ஓரளவு ஆறிய பிறகு அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். வந்திறங்கியவனை இவள் கட்டிப்பிடிக்கப் போய், கை எங்கே படுமோ என்று பாதியில் நின்றுவிட்டாள். அவனே குனிந்து நெற்றியை அவள் தோளில் வைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து அந்த அதிகாரி ஒரு தாளை அனுப்பியிருந்தார். ரத்தான அத்தியாயத்துக்குப் பதிலாக ஒரே ஒரு பத்தியில் புதிய விதி கொண்டுவரப் பார்ப்பதாகவும், இது வரைவு என்றும், அவர்கள் அபிப்பிராயத்தைச் சொல்லலாம் என்றும் எழுதியிருந்தார். அண்ணி அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உரக்கப் படித்தாள். "'...நோயாலோ காயத்தாலோ கரையில் விடப்படும் மாலுமியைத் தூதரக அதிகாரி நேரில் சந்தித்து, குடும்பத்தாருக்குத் தெரிவிக்கலாம்.' லாமா? இதென்ன லாம்? சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கலாம்னு எவனாவது எழுதுவானா?"

"அவரு நல்ல மனுஷன் அண்ணி."

"நல்ல மனுஷன்தான். நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஒருத்தன் வந்து உட்காருவான்ல? அவனுக்கு 'லாம்' போதாது."

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். நடந்ததையெல்லாம் எழுதத் தொடங்கி, இரண்டு முறை கிழித்துப் போட்டாள். கடைசியில் எழுதி அனுப்பியது கொஞ்சம்தான்: என் கணவருக்குக் கை உதவாமல் போன நாட்களில் அவரிடம் ஃபோன் இருந்தாலும் பயன் இருந்திருக்காது, தயவுசெய்து 'தெரிவிக்கலாம்' என்பதை 'தெரிவிக்க வேண்டும்' என்று மாற்றுங்கள்.

மாதங்கள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். "'வேண்டும்' வாங்கிட்டேன்மா. ஆனா முன்னாடி 'இயன்றவரை'ன்னு ஒண்ணைச் சேர்த்துட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அதை மட்டும் எடுக்க முடியல." அண்ணி அதைக் கேட்டு, அந்த 'இயன்றவரை'யைச் சேர்த்தவனுக்குத் தன்னிடம் லைசென்ஸ் எடுக்க வரும் பாக்கியம் கிடைக்கட்டும் என்றாள். இவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் அன்று முழுக்க அவள் மனசில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு ஊரில், மழை பெய்கிற ஒரு நாளில், ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் இயலாமல் போய்விடுமே.

அவனுடைய வலக்கை விரல்கள் மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தன. இடக்கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. மறுபடி கப்பலுக்குப் போவதைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

ஒருநாள் காலையில் சட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவன், "இன்னிக்கு நானே போட்டுக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அவள் வெளியே நின்றாள். உள்ளே துணி உரசும் சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு, பிறகு அமைதி, பிறகு மறுபடி மூச்சு. கடைக்கு நேரமாகிவிட்டது. மாமனார் கூடத்திலிருந்து என்ன என்று கையால் கேட்டார்; அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. பிடியைப் பற்றிக்கொண்டாளே தவிர, திறக்கவில்லை.

"மேல் பொத்தான் மட்டும் பாக்கி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "உள்ள வந்துடாத."

"வரல" என்றாள் அவள். பிடியிலிருந்து கையை எடுத்தாள்.